கூவ வேண்டிய சொல்

எழுபதுகளின் பிற்பகுதியில் நாங்கள் குடியேறியபோது, தலைநகரின் மேற்கோரத்து ஜனக்புரி ஊராக இருக்கவில்லை. ஊராகிவிடும் என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் உறுதி கூறிக்கொண்டிருந்த ஒரு வெட்டவெளியாக இருந்தது. கட்டி முடித்த வீடுகளும், கட்டிக்கொண்டிருந்த வீடுகளும், கட்டுவதற்கெனச் சுண்ணாம்பால் கோடு கிழித்த நிலங்களும் அடுத்தடுத்துக் கிடந்தன. மரம் என்று சொல்லத்தக்கவை, செங்கற்கூண்டுகளுக்குள் நின்ற இடுப்பளவு வேப்பங்கன்றுகளே. கோடையில் மேற்கேயிருந்து வீசும் 'லூ' என்னும் வெங்காற்று, தடுப்பார் எவருமின்றி, நேரே எங்கள் சமையலறைக்குள் வந்து போகும். அந்தக் காற்றையும் அங்கிருந்த மண்ணெண்ணெய் அடுப்பையும் சேர்த்து எண்ணிப் பார்த்தவர் எங்கள் வீட்டில் என் தந்தை ஒருவர்தாம். எண்ணிப் பார்ப்பது அவருடைய இயல்பு. எண்ணியதை விதியாக மாற்றுவது அவருடைய தொழில். ஓர் அரசு அலுவலகத்தில் பகலெல்லாம் அதையே செய்துவிட்டு வருவார்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், அடுத்த வரிசை வீடுகளைக் கட்டிய தொழிலாளரின் குடிசைகள் இருந்தன. அவர்களுள் பலர் சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த தமிழர். கோடை முதிர்ந்த ஒரு முற்பகலில் அக்குடிசைகளுள் ஒன்று தீப்பற்றியது. பெண்கள் கூவினார்கள். எங்கள் குடியிருப்பில் அந்தக் கூவல் எட்டாத வீடு இல்லை. ஆனால் கேட்டவர்கள், மதராஸிகள் தங்களுக்குள் சண்டையிடுகிறார்கள் என்று எண்ணிச் சன்னல்களை இன்னும் சற்று இறுகச் சாத்திக்கொண்டார்கள். புகையைக் கண்ட பிறகே வாளிகளோடு ஓடினார்கள். உயிர் எதுவும் போகவில்லை; ஒரு வரிசைக் குடிசைகள் மட்டும் சாம்பலாயின. மாலையில் தந்தை அங்கே போய் வந்தார். சாம்பலைக் கிளறிப் பாத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண், "தொண்ட கிழியக் கத்துனோங்க சார். எங்க கத்தலு இங்க ஒருத்தருக்கும் வெளங்கல" என்று சொன்னாளாம். அதை அவர் அம்மாவிடம் இருமுறை சொன்னார்.

அடுத்த ஞாயிறன்று கட்டடத்தின் முற்றத்தில் ஒரு குழு உருவாயிற்று. கீழ்த்தளத்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற சுபேதார் அதற்குத் தலைவரானார். படையில் இருந்தவர் என்பதற்கு அவருடைய மீசையே போதிய சான்றாயிருந்ததால் போட்டி எழவில்லை. தந்தை செயலாளரானார். சுபேதார் எங்கிருந்தோ சிவப்பு வண்ணம் பூசிய வாளிகளை வாங்கி வந்து, மணல் நிரப்பி, படிக்கட்டின் திருப்பந்தோறும் கொக்கியில் மாட்டினார். அவ்வாளிகளின் அடிப்பாகம் குண்டாக இருந்தது. தரையில் வைத்தால் உருண்டுவிடும். இப்படியொரு வாளியைச் செய்தவனுக்கு அறிவில்லையா என்று பெண்கள் கேட்டபோது, தரையில் நிற்காத வாளியை எவரும் வீட்டு வேலைக்குத் திருடமாட்டார்கள் என்று அவர் விளக்கினார். திருட்டுப் போகவில்லை என்பது உண்மை. ஆண்கள் அவற்றில் பீடி அணைத்தார்கள். பூனை ஒன்று தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது.

வாளிகளைச் சுபேதார் அளித்தார் என்றால், விதியை என் தந்தை அளித்தார். வீட்டுக்குள் எவரும் எம்மொழியும் பேசலாம். ஆனால் தீப்பிடித்தால் கூவ வேண்டிய சொல் ஒன்றே. அது 'ஆக்' என்னும் இந்திச் சொல்லாக இருக்கவேண்டும். கேட்பவன் எந்த ஊரானாயினும் ஐயமின்றி ஓடிவர வேண்டும். தமிழுக்காக நண்பர்களைக்கூட இழக்கத் துணிந்தவர் அவர். அவரே முன்மொழிந்ததைக் கண்டு பிறர் வியந்தார்கள். குடிசைப் பெண் சொன்ன சொல் அவர் காதில் இருந்ததை அவர்கள் அறியார். அச்சொல்லைக் கூவத் தெரியாதவரை வீட்டில் தனியே விட்டுச் செல்லக்கூடாது என்று ஒரு துணைவிதியையும் அவர் சேர்த்தார். அந்தத் துணைவிதி முதலில் வந்து தைத்தது எங்கள் வீட்டில்.

எங்கள் வீட்டில் அப்போது சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் மாமாவின் வீட்டில் இருந்தவளை, அவ்வாண்டின் குளிர்காலத்தில் அம்மா அழைத்து வந்திருந்தாள். தம்பி பிறந்தபின் அம்மா எடுத்திருந்த விடுப்பு, பள்ளி திறக்கும் நாளோடு முடிய இருந்தது. அதன்பின் பகலில் தம்பியையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளச் சித்தி இருப்பாள்; அம்மா பழையபடி அலுவலகத்துக்குப் போவாள் என்பது ஏற்பாடு. சித்தப்பா கப்பலில் வேலைக்குப் போயிருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தக் கப்பல் ஏன் எந்தத் துறையையும் அடைவதில்லை என்று ஒன்பது வயதில் நான் கேட்கவில்லை. மாமாவின் வீட்டைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சித்தி எழுந்துபோய்த் தம்பியின் துணிகளை மடிப்பாள். அத்துணிகள் பெரும்பாலும் ஏற்கெனவே மடித்தவையாயிருக்கும்.

சித்திக்கு இந்தியில் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையாரை எல்லாரும் 'தீதீ' என்று அழைத்தார்கள். அக்கா என்று பொருள். சித்தியும் அப்படியே அழைத்தாள். இந்தியில் அச்சொல்லின் முதலெழுத்து அதிர்ந்து ஒலிக்க வேண்டும். தமிழ் நாவிலோ சொல்லின் தொடக்கத்துத் தகரம் அதிராது. ஆகவே சித்தியின் தீதீயில் முதலெழுத்து முழுத் தமிழாகவும் அடுத்த எழுத்து ஏறத்தாழ இந்தியாகவும் இருக்கும். அவ்வம்மையாருக்கு அது பழகிவிட்டது. அவர்கள் வீடும் எங்கள் வீடும் மேல்தளத்தில் நேருக்கு நேர் பார்த்தவை. இரண்டு கதவுகளுக்கும் இடையே ஒரு பாய் விரிக்கும் இடமே இருந்தது.

வெங்காற்றில் எங்கள் அடுப்பு அணைந்துகொண்டே இருக்கும். அதனால் தீக்குச்சிகள் தீர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் சித்தி எதிர்வீட்டு வாயிலில் நின்று, "தீதீ, தீப்பெட்டி" என்று கேட்டாள். அம்மையார் விழித்தார். பேட்டி என்றால் அவர்கள் மொழியில் மகள். சித்தி மறுபடியும் அவ்விரண்டு சொற்களையே தெளிவாகச் சொன்னாள். அம்மையார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அரீ சோட்டி, நான் உனக்கு தீதீயா, பேட்டியா? ஒன்றை முடிவு செய்" என்று தம் மொழியில் கேட்டுவிட்டுத் தாமே சிரித்தார். 'சோட்டி' என்பது சிறியவள் என்று பொருள்படும். சித்தியை அவர் அப்படித்தான் அழைப்பார். நான் இடையில் புகுந்து, எங்கள் மொழியில் தீ என்றால் 'ஆக்', பெட்டி என்றால் 'டப்பா' என்று பிரித்துப் பொருள் சொன்னேன். பள்ளியில் இந்தியில் முதலாவதாக வருபவள் என்ற செருக்கு எனக்கு உண்டு. அம்மையார், "அச்சா! தீ... ஆக். தீ... ஆக்" என்று இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தீப்பெட்டியோடு ஒரு கிண்ணம் தயிரும் கொடுத்து அனுப்பினார்.

முதல் ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்தது. சுபேதார் முற்றத்தில் நின்று ஒரு மாடியைச் சுட்டுவார். அந்த வீட்டார் கூவ வேண்டும்; மற்றவர்கள் வாளியோடு ஓடிவர வேண்டும். தந்தை, கடைசி மெய்யெழுத்து கெடாதபடி, பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் நடத்துபவர்போலக் கூவினார். வாளியோடு ஓடிவரத் தோன்றும் குரல் அன்று அது. இறுதியில் சுபேதாரின் கை எங்கள் மாடியில் நின்ற சித்தியின்மேல் திரும்பியது. அவள் தலைமேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் நின்றாள். மறந்துவிட்டாள் போலும் என்று நினைத்த சுபேதார், நினைவூட்டும் வகையில் கீழிருந்து, "ஆக்? ஆக்?" என்றார்.

சித்தியின் முகம் தெளிந்தது. குனிந்து மரியாதையாக, "ஆக்கியாச்சு, ஐயா. கொழம்பு மட்டும் இன்னும் எறக்கல" என்றாள்.

எங்கள் பக்கத்தில் சோறு சமைப்பதை ஆக்குவது என்பார்கள். அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. சோறு ஆகியிருந்தது, குழம்பு அடுப்பில் இருந்தது. சுபேதார் செயலாளரை நோக்கினார். தந்தை சற்றும் தயங்கவில்லை. சோறு ஆகிவிட்டது, குழம்பு மட்டும் இன்னும் இறக்கப்படவில்லை என்று இந்தியில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார். முற்றம் முழுவதும் சிரித்தது. தம் வீட்டு மானம் போகிற இடத்திலும் ஒரு சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் பெயர்ப்பவர் அவர். கீழ்வீட்டு வங்கிக்காரர், அப்படியானால் எல்லாரும் வாளிக்குப் பதிலாகத் தட்டோடு வரலாமே என்று கேட்டு இன்னொரு சிரிப்பைப் பெற்றார்.

அன்று பிற்பகல் தந்தை அம்மாவிடம் பேசியது எனக்குக் கேட்டது. குரலில் கோபம் இல்லை. "விதிய எழுதுனவன் நானு. என் வீட்டுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு வைக்க முடியாது. பச்சப் பிள்ளையோட தனியா இருக்கப்போறவ. அந்த ஒரு சொல்லு அவ வாயில வரணும். பள்ளிக்கூடம் தெறக்குமுன்ன வரலேன்னா, உங்க அண்ணன வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லணும். நீ வேலைய விட்டுர வேண்டியதுதான்." சமையலறையில் சித்தி தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். கழுவுவதற்குப் பாத்திரம் ஒன்றும் அப்போது இல்லை.

அதன்பின் எங்கள் வீட்டில் எந்நேரமும் 'ஆக்' ஒலித்தது. சித்தி கீரை ஆயும்போது சொல்வாள். துணி அலசும்போது சொல்வாள். தம்பியைத் தொட்டிலில் ஆட்டும்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒன்றாகச் சொல்வாள். தனியே இருக்கும்போது ஒழுங்காக வரும். எவரேனும் எதிரில் வந்து நின்றால் விக்கலாக மாறிவிடும். இதில் முதலில் தேர்ச்சி பெற்றவன் தம்பி. அவன் பேசிய முதற்சொல் 'அம்மா' அன்று, 'ஆக்'. அடுத்த ஒத்திகைகளில் சித்தி ஒருமுறை அழுதுவிட்டாள்; இன்னொருமுறை கூவினாள், ஆனால் அருகில் நின்ற எனக்கு மட்டுமே கேட்டது. சுபேதார் பொறுமையானவர். விடுமுறை முடிய இன்னும் நாள் இருக்கிறது என்றார்.

நாள் குறைந்துகொண்டே வந்தது. அம்மா மறுபடியும் வேலையில் சேர்வதற்கு முன் அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காக ஒரு பிற்பகலில் அவள் சென்றாள். அரை நாள்தானே என்று தந்தையிடம் சொல்லியிருந்தாள். அவரும் அந்த அரை நாளைத் துணைவிதியிலிருந்து மனமில்லாமல் விலக்கியிருந்தார். மின்சாரம் நின்றுபோயிருந்தது. வெளியே வெங்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கட்டடம் முழுவதும் கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு உறங்கியது. நான் முன்னறைத் தரையில் படுத்து ஒரு படக்கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். தம்பிக்குப் பால் காய்ச்சச் சித்தி அடுப்பில் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பு சீறியதைக் கேட்டேன், அது வழக்கந்தான். பிறகு அது சீறலாக இல்லாமல், துணியை உதறுவதுபோல ஓர் ஓசை எழுந்தது. எட்டிப் பார்த்தபோது அடுப்பைச் சுற்றி நெருப்பு நின்றது. சன்னலுக்குத் திரையாகக் கட்டியிருந்த அம்மாவின் பழைய புடவை, அடிவிளிம்பில் பற்றி மேலேறிக்கொண்டிருந்தது. சித்தி கரித்துணியால் ஒருமுறை அடித்தாள், துணியும் பற்றியது. அதை உதறிவிட்டு ஓடி வந்து தொட்டிலிலிருந்து தம்பியைத் தூக்கி இடுப்பில் இடுக்கினாள். மறு கையால் என்னை இழுத்துக்கொண்டு கதவைத் திறந்து படிக்கட்டுக்கு வந்தாள். அங்கே நின்று அடிவயிற்றிலிருந்து கூவினாள். ஒத்திகையில் ஒருமுறையும் வராத குரல் அது.

"தீ! தீ!"

அந்தக் குரல் படிக்கட்டின் வழியே கீழே இறங்கிப் போயிற்று. ஒரு கதவும் திறக்கவில்லை. அவள் இடுப்பிலிருந்த தம்பி, பழகிய விளையாட்டு என்று எண்ணி மகிழ்ச்சியோடு "ஆக், ஆக்" என்றான். அன்று குழுவின் விதிப்படி கூவியவன் அவன் ஒருவனே. அவன் குரல் படிக்கட்டைத் தாண்டவில்லை.

சித்தி மறுபடியும் கூவினாள். எதிர்வீட்டின் உள்ளிருந்து, "ஆயீ, ஆயீ, சோட்டி" என்று மறுமொழி வந்தது. வருகிறேன் என்று பொருள். அந்தக் குரலில் பரபரப்பு இல்லை. தீப்பெட்டியோ தயிரோ கேட்டு வந்திருக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். கையில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டே கதவைத் திறந்தார். எங்கள் வாயிலிலிருந்து வந்த புகையைக் கண்டார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கொக்கியிலிருந்த சிவப்பு வாளியைக் கழற்றிச் சித்தியிடம் நீட்டினார். தம்பியை என்மேல் திணித்துவிட்டுச் சித்தி அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மையார் தம் வீட்டுக்குள் திரும்பி, சன்னலில் நனைத்துத் தொங்கவிட்டிருந்த வெட்டிவேர்த் தட்டியை ஒரே இழுப்பில் பிய்த்துக்கொண்டு, நீர் சொட்டச் சொட்டப் பின்னால் ஓடினார். மணல் முதலில் விழுந்தது, பீடித்துண்டுகளோடு. அதன்மேல் தட்டி விழுந்தது. சித்தி எரிந்துகொண்டிருந்த புடவைத் திரையைக் கையாலேயே பிடித்திழுத்துத் தட்டியின் அடியில் தள்ளினாள்.

தீ அடங்கியது. கருகிய வெட்டிவேரும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு மணம் வீடெங்கும் நிறைந்தது. இன்றும் எங்கேனும் வெட்டிவேர் மணந்தால் எனக்கு முதலில் தோன்றுவது குளிர்ச்சி அன்று. சமையலறைச் சுவரில் ஒரு கரிய மலை எழுந்திருந்தது. சித்தியின் உள்ளங்கை வெந்திருந்தது. அம்மையார் அவளைத் தண்ணீர்ப் பானையருகே உட்காரவைத்து, அந்தக் கையை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு, தம் மொழியில் திட்டிக்கொண்டே இருந்தார். அடுப்பையா, காற்றையா, சித்தியையா என்று தெரியவில்லை. சித்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

மாலையில், வெயில் தணிந்தபின், முற்றத்தில் நீர் தெளித்துக் கயிற்றுக்கட்டில்களைப் போட்டார்கள். கட்டடத்தில் இருந்தவர் அனைவரும் கூடினார்கள். நடந்ததைப் படை முறைப்படி ஆராய வேண்டும் என்பது சுபேதாரின் கருத்து. அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் இருந்தாள். துணி சுற்றிய கையோடு சித்தி அவளுக்குப் பின்னால் நின்றாள். எதிர்வீட்டு அம்மையார் வறுத்த கடலையும் வெல்லமும் கொண்டுவந்து எல்லார்க்கும் பகிர்ந்துகொண்டிருந்தார்.

வாளி பயன்பட்டது என்பதில் சுபேதாருக்கு உள்ளூர நிறைவு. ஆனால் அடுத்த கேள்வி அவரையே வருத்தியது. எச்சரிக்கைச் சொல் எவருக்கேனும் கேட்டதா? எவருக்கும் கேட்கவில்லை. உறங்காமல் இருந்தவர்களுக்கும் 'ஆக்' என்ற சொல் காதில் விழவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது என்று ஒருவர் சொன்னார். வங்கிக்காரர் எழுந்தார். தமக்கு அந்தப் பெண்மேல் பகை ஏதும் இல்லை என்று தொடங்கினார். அப்படித் தொடங்குபவர்கள் எங்கே முடிப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கட்டடத்துக்கு ஒரே சுவர், ஒரே கூரை. "நாளைக்கு இவள் தமிழில் எரிவாள்; நாம் ஒன்றும் விளங்காமல் கூடவே எரிவோம்" என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்காமல் தலையசைத்தார்கள். அச்சொல்லைக் கூவத் தெரியாதவரைத் தனியே விடலாகாது என்பது செயலாளரே எழுதிய விதி. அது செயலாளர் வீட்டுக்கும் பொருந்துமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று சொல்லி அமர்ந்தார்.

அம்மா தலை நிமிரவில்லை. சித்திக்கு மொழி புரியாவிட்டாலும் பொருள் புரிந்திருக்க வேண்டும். துணி சுற்றிய கையை மற்றொரு கையால் மூடிக்கொண்டாள்.

சுபேதார் நெடுநேரம் மீசையைத் தடவினார். பிறகு, அவள் வாயாலேயே கேட்டுவிடுவோம் என்றார். அவள் என்ன சொல்லிக் கூவினாள் என்று செயலாளர் கேட்டு, அதை எல்லாரும் அறிய இந்தியில் சொல்லவேண்டும்.

தந்தை சித்தியின் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்லிக் கத்துன? நடந்தத அப்படியே சொல்லு."

சித்தி அவரை நேராகப் பார்த்துப் பேசுவதில்லை, அன்று பார்த்தாள். "தீ, தீன்னுதான் கத்துனேன், அத்தான். ஆக்குன்னு சொல்லணும்னு தெரியும். ஆனா உள்ள இருந்து வந்தது அதுதான்."

நான் தந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழம்பு இறக்கப்படாததைக்கூட மறைக்காமல் பெயர்த்தவர் அவர். இம்முறை அவர் உடனே பேசவில்லை. முற்றத்து ஈரத்திலிருந்து மண்வாசனை எழுந்துகொண்டிருந்தது. பிறகு அவர் எழுந்து நின்று, அலுவலகத்தில் படித்துக் காட்டும் குரலில், நிறுத்தி நிறுத்தி இந்தியில் சொன்னார்: "இவள் சொல்வது இது. 'நான் தீ, தீ என்றே கூவினேன். ஆக் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உள்ளிருந்து வந்தது அதுதான்.'"

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. எல்லார் பார்வையும் எதிர்வீட்டு அம்மையார்மேல் சென்று, அங்கிருந்து சித்தியின் கைமேல் வந்து நின்றது. சுபேதார் தொண்டையைச் செருமிக்கொண்டார். குண்டடி பட்டவன் எவனும் 'குண்டு, குண்டு' என்று கூவித் தாம் கேட்டதில்லை. பக்கத்தில் இருப்பவனைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவான் என்றார். விதி எழுதும்போது தமக்கே இது தோன்றியிருக்க வேண்டும் என்றும், செயலாளரின்மேல் குற்றம் இல்லை, அவர் போரைக் கண்டவர் அல்லர் என்றும் சேர்த்துக்கொண்டார். பின்னர் அம்மையாரிடம், காதில் விழுந்தது அதுதானா என்று முறைக்காகக் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தந்தை பிழை செய்துவிட்டார். எல்லாச் சொற்களையும் பெயர்த்துவிட்டு இன்றியமையாத ஒன்றை அப்படியே தமிழில் விட்டுவிட்டார். எல்லாரும் அதை வேறு சொல்லாகக் கொண்டுவிட்டார்கள். இது தெரிந்தவள் அங்கே நான் ஒருத்தி. இல்லை, இன்னொருவரும் இருந்தார். எதிர்வீட்டு அம்மையாருக்கு அதை நானே கற்பித்திருந்தேன். நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற அம்மையார் அந்த நொடியில் என்னை இழுத்து அணைத்து, கன்னம் புடைக்கும்படி ஒரு பெரிய வெல்லக்கட்டியை என் வாய்க்குள் வைத்தார். எனக்குத்தான் பெரிய துண்டு கிடைத்தது என்ற பெருமை ஒருபுறம். பேச முடியாத துன்பம் ஒருபுறம்.

என் தலையைத் தம்மோடு சேர்த்து அழுத்திக்கொண்டே அவர் சுபேதாருக்கு விடை சொன்னார்: "ஹாங் ஜீ. தீதீ, தீதீ என்றுதான் கூப்பிட்டாள். கூப்பிட்டாள், வந்தேன். வேறென்ன?"

அன்றே விதி திருத்தப்பட்டது. தீப்பிடித்தால் முதலில் அடுத்த வீட்டாரை, அவரை வழக்கமாக எப்படி அழைப்பார்களோ அப்படியே கூவி அழைக்க வேண்டும், 'ஆக்' அதன்பின். அடுத்த ஞாயிற்றின் ஒத்திகையில் படிக்கட்டு முழுவதும் அக்காக்களும் அண்ணன்களும் பிள்ளைகளின் பெயர்களுமாக ஒலித்தது. முன்பு ஒத்திகைக்கு வாளியோடு சோம்பி நடந்தவர்கள், தங்கள் பெயரைக் கேட்டதும் ஓடிவந்தார்கள். வங்கிக்காரரை அவருக்கு மேல்வீட்டுக்காரர் அழைத்தபோது, அவர் செருப்பைக்கூடப் போடாமல் வந்தார்.

அந்த மாலையில் வெல்லம் கரைந்தவுடன் நான் வீட்டுக்குள் ஓடி அம்மாவிடம் முறையிட்டேன். அப்பாவுக்குத் தீ என்பதற்கு இந்தி தெரியவில்லை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றேன். அம்மா சிரித்தாள், சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தந்தை, "சொன்னதத்தான் சொன்னேன். ஒரு எழுத்து கூட்டல, ஒரு எழுத்து கொறைக்கல" என்று சொல்லிவிட்டுக் கரிபடிந்த சுவரைத் தேய்க்கப் போய்விட்டார். சித்தி சிரிக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சன்னலோரம் நின்றாள். புகை இன்னும் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை என்று நினைத்தேன்.

பள்ளி திறந்த வாரத்தில் அம்மா வேலைக்குப் போனாள். சித்தி எங்களோடு இருந்தாள். அடுப்பு மாறிற்று, காற்று மாறவில்லை. அவள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் தீப்பெட்டி கேட்பதும் தொடர்ந்தது. அம்மையார் பெட்டியை நீட்டும்போதெல்லாம், "லே சோட்டி, தீ... பேட்டி" என்று முதலெழுத்தை நீட்டிச் சொல்லி அவளைப் பார்ப்பார். சித்தி தலையைக் குனிந்து சிரிப்பாள். ஒவ்வொரு முறையும் நான் குறுக்கிட்டு, அது பேட்டி அன்று, பெட்டி என்றும், தீ என்றால் என்ன என்பதை முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறேனே என்றும் திருத்துவேன். அவர் மிகவும் பணிவோடு "அச்சா, அச்சா" என்பார். மறுநாள் மறுபடியும் பிழையாகவே சொல்வார்.

தந்தைக்கு இந்தி போதாது என்றும், எதிர்வீட்டு அம்மையாருக்கு எவ்வளவு கற்பித்தாலும் தமிழ் ஏறாது என்றும் நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அவர்கள் இருவருக்காகவும் வருந்தியதும் உண்டு.